கத்தியின் கழுத்தில் எழுதியிருப்பது

பழைய மடக்குக் கத்திகளுக்கு வயது சொல்வதில் எனக்கு அதிகம் கைகொடுத்திருப்பவர்கள் அமெரிக்கச் சுங்க இலாகாக்காரர்கள். 1890-இல் அங்கே மெக்கின்லி சுங்கவரிச் சட்டம் என்று ஒன்று வந்தது. வெளியிலிருந்து வரும், வழக்கமாக முத்திரை போடும் சரக்கு என்றால், எந்த நாட்டில் செய்தது என்று அதன் மேலேயே ஆங்கிலத்தில் குறித்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1891 மார்ச் முதல் தேதி அந்த விதி அமலுக்கு வந்தது. கத்திக்குப் பேர்போன இரண்டு ஊர்கள் ஷெஃபீல்டும் ஜோலிங்கனும். அதுவரை ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்ட ஷெஃபீல்டுக்காரர்கள் பக்கத்தில் 'இங்கிலாந்து' என்று அடித்தார்கள். ஜோலிங்கன்காரர்கள் 'ஜெர்மனி' என்று அடித்தார்கள். வரிக்காகப் போட்ட சட்டம். நூற்று முப்பது வருடம் கழித்து, பென்சில்வேனியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு தமிழன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லென்ஸை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவான் என்று நினைத்தா போட்டார்கள்?

அலகு பிடிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், கூர் ஏற்றாத தட்டையான துண்டு ஒன்று இருக்கும். சேகரிப்பவர்கள் அதை டேங் என்பார்கள். நான் கழுத்து என்றே எழுதுகிறேன். செய்தவர் பெயர், ஊர், சின்னம், சில கத்திகளில் மாடல் எண் எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதான அந்த இடத்தில்தான். எஃகைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்துவதற்கு முன்பே, அது இளக்கமாக இருக்கும்போதே, அச்சை வைத்து ஒரே அடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போலி பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

இந்த முத்திரைகளில் ஏறக்குறைய எதுவுமே நம்மைப் போன்றவர்களுக்காகப் போட்டதில்லை. சுங்கத்துக்காக, சங்கத்துக்காக, பட்டாளத்துக் கிடங்குக்காக, போட்டிக் கம்பெனியை விரட்டுவதற்காகப் போட்டவை. அதனால் அவை பெரும்பாலும் பாதிப் பதிலைத்தான் சொல்லும்: 'இந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.' அடுத்த பாதியைக் கத்தியின் மற்ற பாகங்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

போன வருடம் அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து வாட்ஸ்அப்பில் நாலைந்து படங்கள் அனுப்பினான். அவனுடைய அப்பா வழித் தாத்தா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்த கத்தியாம். "மாமா, பிடி யானைத் தந்தம்னு எல்லாரும் சொல்லுதாவ. எவ்வளவு போவும்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், 'ஹிஸ் மெஜஸ்டி'யின், அதாவது மன்னரின், கத்திக்காரர்கள் என்று அடித்திருந்தது. மறுபக்கம் ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து, நடுவில் ஒரு கிரீடம். 'இங்கிலாந்து' என்ற சொல் எங்குமே இல்லை.

நட்சத்திரத்தையும் சிலுவையையும் முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஷெஃபீல்டு வட்டாரத்தின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அங்கே தொழில் செய்கிறவருக்கு அந்தச் சங்கத்தில் பதிந்த குறி ஒன்று இருக்கும், சலவைக்காரர் துணியில் போடும் குறி மாதிரி. இந்தக் குறி சொத்து. மகனுக்குப் போகும், குத்தகைக்குப் போகும், விலைக்கும் போகும். நட்சத்திரமும் சிலுவையும் 1682-இல் பதிவான குறி. ராட்ஜர்ஸ் குடும்பத்தின் கைக்கு அது பின்னால்தான் வந்தது. இன்றும் ஷெஃபீல்டில் அந்தக் குறியோடு கத்தி செய்கிறார்கள், கம்பெனிதான் கைமாறிவிட்டது. ஜோலிங்கனில் ஹென்கெல்ஸ் குடும்பத்தின் இரட்டையர் சின்னம் 1731-இல் பதிவானது. போன மாதம் வாங்கிய காய்கறிக் கத்தியிலும் அந்த இரட்டையர் இருக்கிறார்கள். குறிக்கு வயதானால் கத்திக்கும் வயது என்று நினைப்பவர்களை நம்பித்தான் இணைய ஏலக் கடைகளில் பாதி வியாபாரம் நடக்கிறது.

அடுத்தது 'ஹிஸ் மெஜஸ்டி'. ராட்ஜர்ஸுக்கு அரச அங்கீகாரம் கிடைத்தது 1822-இல், நான்காம் ஜார்ஜ் காலத்தில். 1837-இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் 'ஹிஸ்' போய் 'ஹெர்' ஆகிவிட்டது. 1901 வரை அப்படித்தான். ஆகவே இந்தக் கத்தி ஒன்று 1837-க்கு முந்தியது, இல்லாவிட்டால் 1901-க்குப் பிந்தியது. நடுவே அறுபத்து நாலு வருடம் அடைபட்டுவிட்டது. ஜி, ஆர் என்றால் ஜார்ஜ் ரெக்ஸ், மன்னர் ஜார்ஜ். அந்த எழுத்துகளும் இதே குழப்பத்தைத்தான் தருகின்றன. நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1910-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். அச்சில் எண் கிடையாது.

இங்கே பிடி வந்து கைகொடுத்தது. பிடியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். வெண்மஞ்சள் நிறம், நீளவாக்கில் மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல் நேர் நேராக ஓடின. தந்தத்தில் வெட்டிய முனையைப் பார்த்தால் கோடுகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டி வலை பின்னியிருக்கும். இவ்வளவு ஒழுங்கான இணைகோடு இயற்கையில் வராது. தந்தம் மாதிரி தெரியட்டும் என்று செய்த செல்லுலாயிட் என்று சந்தேகம் வந்தது. அதைச் சொன்னேனோ இல்லையோ, பையன் குஷியாகிவிட்டான்.

"மாமா, ஊசியைக் காய்ச்சி வச்சுப் பாக்கட்டா? யூடியூப்ல அப்படித்தான் டெஸ்ட் பண்ணுதாங்க."

"ஏலே, வச்சிராதலே!" என்று கத்தியதில் இந்தப் பக்கம் என் மனைவி ஓடிவந்துவிட்டாள். செல்லுலாயிட் என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. பழைய சினிமாப் படச்சுருள்கள் குப்பென்று பற்றி எரிந்ததெல்லாம் இந்த நைட்ரோசெல்லுலோஸால்தான். ஊசியை எடுத்து வைத்துவிட்டு, பிடியைத் துணியால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து, "மாமா, கோயில் வாசனை அடிக்கி" என்றான்.

தீர்ந்தது கணக்கு. ஹயாட் சகோதரர்கள் அமெரிக்காவில் செல்லுலாயிடுக்குக் காப்புரிமை வாங்கியது 1870-இல். செல்லுலாயிட் பிடி போட்ட கத்தி 1837-க்கு முன்னால் இருக்க வழியில்லை. ஆகவே 'ஹிஸ் மெஜஸ்டி' என்பது 1901-க்குப் பிந்திய மன்னர். ஜி என்ற எழுத்தால் அது 1910-க்குப் பிறகு. தாத்தா இரண்டாம் உலகப் போர் தொடங்கும் முன்பே கொழும்பை விட்டு வந்துவிட்டார் என்று அக்காவின் மாமியார் சொன்னதையும் சேர்த்தால், கத்தி 1910-க்கும் 1939-க்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. கம்பெனி முத்திரை, வேதியியல், ஒரு பாட்டியின் ஞாபகம் என்று மூன்றும் வேண்டியிருந்தன. தந்தம் இல்லை என்றதில் பையனுக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. தந்தம் என்றால் நம் ஊர் வனவிலங்குச் சட்டத்தில் விற்பது இருக்கட்டும், வைத்திருப்பதே தலைவலி.

'இங்கிலாந்து' இல்லாததை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் 1891-க்கு முந்தியது என்று பல பேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். கொழும்புக்கும் சென்னைக்கும் கப்பலேறிய கத்திக்கு அதனால் ஒரு கட்டாயமும் இல்லை. 'இங்கிலாந்து' இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதே மாதிரி உதவும் வேறு சில சொற்களும் உண்டு. 'ஸ்டெயின்லெஸ்' என்று அடித்திருந்தால் 1913-க்கு முன்னால் போகவே வேண்டாம். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகைக் கண்டது அந்த வருடம்தான். 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ஜெர்மனியைப் பொறுத்தவரை ஒரு பழைய பகையும் உண்டு. ஜோலிங்கன் சரக்கில் ஷெஃபீல்டு பெயரை அடித்து விற்கிறார்கள் என்று ஆங்கிலேயர்கள் வெகுநாள் புலம்பினார்கள். 1887-இல் அவர்கள் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்கு அந்தப் புலம்பல் ஒரு முக்கியக் காரணம். பிறகு ஜோலிங்கனே பெரிய பெயராகி, அந்த ஊர்ப் பெயரை மற்றவர்கள் திருடாமல் காக்க 1938-இல் ஜெர்மனியில் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கத்திகளில் சேகரிப்பவருக்குச் செல்லப்பிள்ளை கேஸ். பென்சில்வேனியாவின் வட எல்லையில் பிராட்ஃபோர்டு என்று ஒரு சிறு நகரம். கேஸ் கத்தியும் ஜிப்போ லைட்டரும் அங்கேதான் செய்கிறார்கள். 1993 முதல் கேஸுக்குச் சொந்தக்காரரும் ஜிப்போதான். 1920 முதல் 1940 வரை கழுத்தில் 'கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்'. 1940 முதல் 1964 வரை 'டெஸ்டட்' போய் எக்ஸ் எக்ஸ் மட்டும். 1965 முதல் 1969 வரை அதோடு யு.எஸ்.ஏ. பதம் போடும் உலைக்குள் ஒரு தடவை போய் வந்த அலகுக்கு ஒரு எக்ஸ், இரண்டாம் தடவைக்கு இன்னொன்று என்பது கம்பெனி சொல்லும் கதை.

1970-இல்தான் விளையாட்டு மாறியது. முத்திரையோடு பத்துப் புள்ளிகளைச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஒன்பது. வருடத்துக்கு ஒன்றாக உதிர்ந்து 1979-இல் ஒற்றைப் புள்ளி நின்றது. 1980-இல் மறுபடி பத்து, ஆனால் இந்தத் தடவை கம்பெனிப் பெயரிலுள்ள எஸ் எழுத்தைக் கூர்கூராக மடித்துவிட்டார்கள். சேகரிப்பவர்கள் அதை 'மின்னல் எஸ்' என்பார்கள். வளைந்த எஸ் என்றால் 1980-இலிருந்து புள்ளிகளைக் கழியுங்கள், மின்னல் எஸ் என்றால் 1990-இலிருந்து. ஏழு புள்ளி, மின்னல் எஸ்: 1983. மடக்குக் கத்தி உலகத்தில் இவ்வளவு சுலபமான கணக்கு வேறு கிடையாது. 1990-க்குப் பிறகு முறை பல தடவை மாறியது. அதை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், அட்டவணை ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் ஊராக இரும்புக் கடைகளில் ஏறி, புள்ளியில்லாத பழைய இருப்பைக் காட்சிப் பலகையோடு அள்ளிக்கொண்டு போனார்கள். முத்திரை மாறுவதே ஒரு செய்தியானது அதன் பிறகுதான். ஆனால் தொழிற்சாலை டிசம்பர் 31 ராத்திரியோடு பழைய அலகுகளைக் குப்பையில் கொட்டாது. இருப்பு தீரும்வரை போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பெரிய அலகில் ஒரு காலத்து முத்திரையும் சின்ன அலகில் அடுத்த காலத்து முத்திரையும் உள்ள கத்திகள் உண்டு. தெரியாதவர் போலி என்று ஒதுக்கிவிடுவார். தெரிந்தவர் வாயைத் திறக்காமல் காசை எடுப்பார்.

கேஸில் எனக்குப் பிடித்தது மறுபக்கத்து எண்தான். 6254 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் பிடியின் பொருள், இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மிச்சம் வடிவம். 6 என்றால் கொத்துவேலை செய்த எலும்பு, 5 என்றால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பொருள். 54 என்றால் டிராப்பர் என்ற வடிவம். கழுத்தில் 6254 இருக்க, பிடி பளபளக்கும் மான் கொம்பாக இருந்தால், நடுவில் யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள். 5254-க்கு விலை அதிகம், அதனால் மாற்றுகிறார்கள். எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

மான் கொம்பு என்றதும் ஒரு கிளைக்கதை. ஷெஃபீல்டும் ஜோலிங்கனும் அமெரிக்காவும் கத்திப் பிடிக்கு விரும்பி வாங்கியது நம் காட்டுக் கடமானின் கொம்பு. உள்ளே சோறு குறைவு, கெட்டி அதிகம். 1990களின் கடைசியில் இந்தியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியது. நீலகிரியில் உதிர்ந்த கொம்பு ஏதாவது இந்தச் சந்தை மேசைகளில் கிடக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நிரூபிக்க வழியில்லை.

பட்டாளத்துக் கத்திகளில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கிடங்குக்காரருக்கு வருடம் வேண்டும், ஆகவே வருடத்தையே அடித்துவிடுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் கமிலஸ் கம்பெனி அமெரிக்கப் படைக்குச் செய்த முழு எஃகுக் கத்தியில் பெயருக்குக் கீழே வருடம் இருக்கும். ஸ்விஸ் சிப்பாய்களின் 1961 மாடல் அலுமினியக் கத்தியிலும் வருடம் உண்டு. விக்டோரினாக்ஸ் என்ற பெயரே ஒரு தேதிதான்: கம்பெனியைத் தொடங்கிய எல்சனர் தன் தாய் இறந்த 1909-இல் அவர் பெயரான விக்டோரியா என்று வைத்தார், துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு 1921-இல் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பின்பாதி ஒட்டிக்கொண்டது. பிரான்ஸின் ஓபினெலில் அலகைப் பூட்டும் வளையம் இருந்தால் 1955-க்குப் பிறகு. லாகியோல் என்று அடித்திருந்தால் ஒன்றும் தெரியாது. அது ஊரின் பெயர், அந்தப் பெயரை நெடுங்காலமாக எவர் வேண்டுமானாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி போலி. முன்பே சொன்னேன், உண்மையான முத்திரை எஃகு இளக்கமாக இருக்கும்போது அடித்தது. அதற்குப் பிறகு அலகைச் சாணையில் ஏற்றித் தேய்த்து முடிப்பார்கள். அதனால் எழுத்தின் அடி ஆழமாகவும், விளிம்பு சுற்றியுள்ள பரப்போடு சமமாகவும் இருக்கும். பின்னால் கெட்டி எஃகில் அடித்தால் எழுத்து ஆழம் போகாது. ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் மங்கும், விளிம்பில் சிறு மேடு நிற்கும். அமிலத்தால் பொறித்தால் எழுத்தின் அடி சொரசொரப்பாக, சாம்பல் நிறமாக இருக்கும். நகை மதிப்பீட்டாளர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும், பார்த்துவிடலாம்.

அடுத்து கழுத்தின் தடிமன். பழைய முத்திரையை அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் கழுத்து மெலிந்திருக்கும். அலகை மூடிவிட்டு மேலிருந்து பாருங்கள். கழுத்துக்கும் பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் உஷாராகுங்கள். பிறகு பிடியின் முனையிலுள்ள உலோகக் காப்பு. அலகு சுழலும் ஆணி அதன் வழியாகத்தான் போகும். நல்ல தொழிற்சாலையில் ஆணியும் காப்பும் ஒரே உலோகம், அடித்து மட்டமாகத் தேய்த்திருப்பார்கள், ஆணி எங்கே என்றே தெரியாது. அங்கே ஒரு வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் கத்தியைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தவர் அலகை மாற்றியிருக்கலாம், வில்லை மட்டும் சரி செய்திருக்கலாம். வட்டம் அதைச் சொல்லாது, விலையைக் குறைத்துப் பேச மட்டும் உதவும்.

போலி வேறு, மறுபதிப்பு வேறு. அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் 1920-இலிருந்து 1940 வரை மடக்குக் கத்தி செய்தது. அதன் ஆர் 1123, பிடியில் துப்பாக்கித் தோட்டா வடிவ உலோகத்துண்டு பதித்தது, பெரிய சேகரிப்பாளர்களின் கனவு. 1982-இல் அதே எண்ணில் கம்பெனியே மறுபடி வெளியிட்டது. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு கேரேஜ் விற்பனையில் பெட்டியும் காகிதமும் இல்லாமல் அது கிடக்கும்போது, விற்பவர் 'எங்க தாத்தாவோடது' என்று சொல்வார். சொல்பவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவருடைய தாத்தா 1982-இல் நன்றாகவே உயிரோடு இருந்திருப்பார். அந்த வாக்கியம் பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை.

முத்திரையின் பெரிய எதிரி போலிக்காரர் இல்லை, பாலிஷ் சக்கரம். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று மோட்டார் சக்கரத்தில் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் புள்ளிகள் மழுங்கும். எட்டுப் புள்ளியா ஏழா என்று அப்புறம் சண்டைதான். செந்துரு இருந்தால் எண்ணெய் விட்டுப் பித்தளைத் துண்டால் சுரண்டுங்கள். சாம்பலும் நீலமுமாகக் கறுத்திருப்பதைத் தொடாதீர்கள். செல்லுலாயிட் பிடி உள்ளதைத் தனியாக, காற்றாடும்படி வையுங்கள். அது கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும். மூடிய டிராயரில் இருந்தால் தன் அலகை மட்டுமல்லாமல் பக்கத்துக் கத்திகளையும் துருவாக்கும்.

இதையெல்லாம் மருமகனுக்கும் அனுப்பினேன். அவன் கேட்டது விலை. பெரிய அலகு எத்தனையோ வருடம் சாணை பிடித்துப் பாதி அகலம் போயிருக்கிறது. சின்ன அலகின் முனை ஒடிந்திருக்கிறது. இங்கே வாங்குபவர் முத்திரையைப் பார்த்துக் கையில் எடுப்பார், அலகின் அகலத்தைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவார். நல்ல நிலையில் உள்ள ராட்ஜர்ஸுக்குக் கிடைப்பதில் கால்வாசி கிடைத்தால் பெரிது, தபால் செலவுக்கே அது போய்விடும் என்றேன். "அப்பம் சரி மாமா, பார்சல் பிரிக்க வச்சுக்கிடுதேன்" என்றான். கார்பன் எஃகு, ஈரத்தோடு வைக்காதே என்று மட்டும் சொன்னேன்.